வைட்டமின் டி: எண்ணைத் துரத்தும் பேறுகால மருத்துவம்

கர்ப்பம் உறுதியானதும் எழுதித் தரப்படும் ரத்தப் பரிசோதனைப் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போகிறது. ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு என்ற வரிசையில் நகரத்துத் தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் இப்போது வைட்டமின் டி-யும் சேர்ந்துவிட்டது. முடிவு வந்தால் எண்ணுக்குப் பக்கத்தில் ‘குறைபாடு’ என்று தடித்த எழுத்து இருக்கும். நம் நாட்டில் யாருக்குப் பார்த்தாலும் அநேகமாக அப்படித்தான் இருக்கும். உடனே வாரத்துக்கு ஒன்றாக 60,000 யூனிட் சாஷே, கூடவே ஓர் எச்சரிக்கை: இதைச் சரிசெய்யாவிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், கர்ப்பகாலச் சர்க்கரை வரும், குறைமாதத்தில் பிரசவமாகும், குழந்தை எடை குறைந்து பிறக்கும். பத்திரிகைகளின் நலவாழ்வுப் பக்கங்களும் இதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன. வைட்டமின் டி அளவை உயர்த்தினால் பேறுகாலச் சிக்கல்கள் குறையும் என்பது இன்று கேள்வி கேட்க வேண்டாத உண்மையாகிவிட்டது.

அது உண்மை என்று நிறுவப்படவில்லை. நிறுவப்படாத ஒன்றின் பெயரால் கர்ப்பிணிகளை அச்சுறுத்துவதும், அவர்கள் வீட்டுப் பணத்தைப் பரிசோதனையில் கரைப்பதும், நிறுவப்பட்ட பலனைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் தவறு. இந்தக் கட்டுரையின் வாதம் அதுதான்.

இந்தியக் கர்ப்பிணிகளிடம் வைட்டமின் டி குறைவு என்பதில் எனக்கு ஐயம் இல்லை. லக்னோவில் 207 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வு 2005-இல் வெளியானது. நகரமானாலும் கிராமமானாலும் அவர்களில் சுமார் 84 விழுக்காட்டினருக்கு ரத்தத்தில் இந்த வைட்டமின் மில்லிலிட்டருக்கு 22.5 நானோகிராமுக்குக் கீழே இருந்தது. வெயில் கொளுத்தும் நாட்டில் இது எப்படி என்று வியக்க ஒன்றுமில்லை. வெயிலில் உள்ள புற ஊதா-பி கதிர் பட்டால்தான் தோல் இந்த வைட்டமினைத் தயாரிக்கும். கருத்த தோலுக்கு அந்தக் கதிர் அதிக நேரம் பட வேண்டும். உடல் மூடிய உடை, கூரைக்குக் கீழே முடியும் நாள், தூசு படிந்த நகரக் காற்று எல்லாம் சேர்ந்தால் அளவு குறையத்தான் செய்யும். ஆகவே குறைவு மெய். அந்தக் குறைவின் மேல் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் குற்றப்பட்டியலைத்தான் மறுக்கிறேன்.

முதலில் ‘குறைபாடு’ என்ற முத்திரை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2011-இல் வெளியிட்ட அறிக்கை, எலும்பு நலத்துக்கு 16 நானோகிராம் அளவே பாதிப் பேரின் தேவையை நிறைவு செய்யும், 20 நானோகிராம் ஏறக்குறைய எல்லோருக்கும், அதாவது 97.5 விழுக்காட்டினருக்குப் போதும் என்று கணித்தது. அப்படியானால் 20-க்குக் கீழே இருப்பவர்களிலும் பலருக்குத் தேவையான அளவு இருக்கிறது. அதே ஆண்டில் அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி வேறொரு கோடு கிழித்தது: 20-க்குக் கீழே என்றால் குறைபாடு, 30-க்குக் கீழே என்றால் போதாமை. உலகெங்கும் ஆய்வகத் தாள்களில் ஏறியது இந்த இரண்டாவது கோடுதான். முதல் அறிக்கையை எழுதிய குழுவைச் சேர்ந்த சிலர் 2016-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில், எல்லோருக்கும் போதுமான உச்ச அளவைக் குறைபாட்டின் எல்லையாகத் தவறாகப் பயன்படுத்துவதால்தான் இந்தக் ‘கொள்ளைநோய்’ தோன்றுகிறது என்று எழுதினார்கள். 2024-இல் எண்டோகிரைன் சொசைட்டியே தன் 30 என்ற இலக்கைக் கைவிட்டது. உடல்நலத்துடன் இருப்பவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனை செய்ய வேண்டாம் என்றும் சொன்னது. கோடு கிழித்தவர்களே அதை அழித்துவிட்டார்கள். நம் ஆய்வகத் தாள்களில் மட்டும் அது அப்படியே நிற்கிறது.

அடுத்து, குறைந்த அளவுக்கும் சிக்கல்களுக்கும் உள்ள உறவு. வைட்டமின் டி குறைந்த பெண்களிடம் முன்சூல்வலிப்பு எனும் உயர் ரத்த அழுத்த நோயும் கர்ப்பகாலச் சர்க்கரையும் கூடுதலாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. இவை பெரும்பாலும் கவனித்து எழுதிய ஆய்வுகள். இரண்டும் சேர்ந்து காணப்படுவதால் ஒன்றால்தான் மற்றொன்று வந்தது என்று ஆகிவிடாது. உடல் பருமன் கூடினால் ரத்தத்தில் வைட்டமின் டி குறையும். அதே பருமன் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கூட்டும். உடலில் அழற்சி இருந்தால் அளவு இறங்கும். உடற்பயிற்சி, வெளியில் நடமாட்டம், வருமானம், உணவு எல்லாமே இந்த எண்ணில் தடம் பதிக்கின்றன. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதால் எண் இன்னும் குழம்புகிறது. தெர்மாமீட்டரை உதறினால் பாதரசம் இறங்கும், காய்ச்சல் இறங்காது. வைட்டமின் டி அளவும் பல நேரங்களில் அப்படி ஓர் அளவுமானிதான்.

இதை அமெரிக்காவில் நடந்த விடார்ட் ஆய்வு ஒரே இடத்தில் காட்டிவிட்டது. கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நாளொன்றுக்கு 4,400 யூனிட், மறுபாதிக்கு 400 யூனிட். முன்சூல்வலிப்பு வந்தவர்கள் முதல் குழுவில் 8.08 விழுக்காடு, இரண்டாம் குழுவில் 8.33 விழுக்காடு. மருந்தால் வேறுபாடு இல்லை. அதே பெண்களைக் குலுக்கலை விட்டுவிட்டு ரத்த அளவின்படி பிரித்தபோது, கர்ப்பத்தின் தொடக்கத்திலும் இறுதியிலும் 30-க்கு மேல் இருந்தவர்களில் 2.25 விழுக்காட்டினருக்கும், குறைவாக இருந்தவர்களில் 11.92 விழுக்காட்டினருக்கும் அந்த நோய் வந்திருந்தது. இந்த இரண்டாவது கணக்கை மட்டும் மேடையில் காட்டினால் வைட்டமின் டி அதிசய மருந்தாகத் தெரியும். கூடுதல் வைட்டமின் கொடுத்துப் பார்த்த கணக்கோ வேறு கதை சொல்கிறது. அளவு இயல்பாகவே உயர்ந்திருக்கும் பெண்ணின் வாழ்வில் வேறு பல நலன்களும் சேர்ந்திருக்கின்றன. அந்த நலன்களை சாஷேயில் அடைத்துத் தர முடியாது. பிறப்பிலேயே அமையும் மரபணு வேறுபாடுகளைக் கொண்டு காரணத்தைத் தேடிய ஆய்வு 2018-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. வைட்டமின் டி குறைவு கர்ப்பகால ரத்த அழுத்தத்துக்கோ முன்சூல்வலிப்புக்கோ காரணம் என்பதற்கு வலுவான சான்று அதிலும் கிடைக்கவில்லை.

நமக்கு அருகிலேயே ஒரு சான்று உண்டு. மைசூரு ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையில் 559 கர்ப்பிணிகளுக்கு முப்பதாவது வாரத்தில் வைட்டமின் டி பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினருக்கு அளவு 20 நானோகிராமுக்குக் கீழே. ஆனாலும் குறைந்தவர்களுக்கும் நிறைந்தவர்களுக்கும் இடையே கர்ப்பகாலச் சர்க்கரையிலோ பிறந்த குழந்தையின் எடையிலோ வேறுபாடு தெரியவில்லை. 2009-இல் வெளியான இந்தத் தென்னிந்திய ஆய்வை நம் நலவாழ்வுப் பக்கங்கள் எடுத்துப் பேசி நான் கண்டதில்லை.

‘குறைபாடு கடுமையாக உள்ள இடத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும், அமெரிக்காவில் பார்த்தால் என்ன தெரியும்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அப்படியும் பார்த்துவிட்டார்கள். வங்கதேசத் தலைநகர் டாக்காவில், குறைபாடு பரவலாக உள்ள 1,300 கர்ப்பிணிகளுக்குப் போலி மருந்து முதல் வாரம் 28,000 யூனிட் வரை வெவ்வேறு அளவுகள் கொடுத்தார்கள். தாயின் ரத்தத்திலும் தொப்புள்கொடி ரத்தத்திலும் அளவு நன்றாகவே ஏறியது. எண் சரியாகிவிட்டது. ஆனால் குழந்தையின் வளர்ச்சி கூடவில்லை. பிறப்பு தொடர்பான மற்ற விளைவுகளிலும் மாற்றம் இல்லை. 2018-இல் வெளிவந்த இந்த முடிவு, நம்மைப் போன்ற உடலும் உணவும் வறுமையும் கொண்ட பெண்களிடமிருந்து வந்தது. எண்ணை உயர்த்துவதும் பிள்ளைப்பேற்றைப் பத்திரமாக்குவதும் வேறு வேறு வேலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எளிதில் கிடைக்காது.

எதிர்த்தரப்பு எடுத்து வைக்கும் பெரிய ஆயுதம் காக்ரேன் திறனாய்வு. உலகெங்கும் நடந்த சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் அமைப்பு அது. கர்ப்பிணிகளுக்கு வைட்டமின் டி கொடுத்தால் முன்சூல்வலிப்பும் கர்ப்பகாலச் சர்க்கரையும் எடை குறைந்த பிறப்பும் குறையக்கூடும் என்று 2019-இல் 30 சோதனைகளைக் கொண்டு அது சொன்னது. மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஐந்தாண்டு கழித்து அதே காக்ரேன், ஒவ்வொரு சோதனையையும் நம்பகத்தன்மைக்கான புதிய அளவுகோலால் சலித்தது. முன்பு சேர்த்தவற்றில் 21 ஆய்வுகள் வெளியே போயின, ஒன்று புதிதாகச் சேர்ந்தது, மிஞ்சியவை 10. அவற்றை வைத்துப் பார்த்தபோது முன்சூல்வலிப்பு, கர்ப்பகாலச் சர்க்கரை, குறைமாதப் பிறப்பு ஆகியவற்றில் வைட்டமின் டி-யின் பலன் மிகவும் நிச்சயமற்றது என்ற முடிவுக்கே வர முடிந்தது. எடை குறைந்த பிறப்பு சற்றுக் குறையலாம் என்ற சாடை மட்டும் மிஞ்சியது, அதுவும் உறுதியானதல்ல. 2019-ஐ மட்டும் சொல்லி 2024-ஐ மறைப்பது, மேல்முறையீட்டில் தள்ளுபடியான தீர்ப்பைக் காட்டி வழக்கை வென்றதாகச் சொல்வதற்கு ஒப்பு.

எதிர்வாதங்களில் வலுவானதையும் சந்தித்துவிட வேண்டும். எண்டோகிரைன் சொசைட்டி தன் 2024 வழிகாட்டுதலில் கர்ப்பிணிகளுக்குக் கூடுதல் வைட்டமின் டி கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறது. முன்சூல்வலிப்பு, குறைமாதப் பிறப்பு, சிசு மரணம் ஆகியவை குறைய வாய்ப்புண்டு என்பது அதன் கணிப்பு. சான்றின் உறுதி குறைவு என்றும் அதுவே ஒப்புக்கொள்கிறது. இதற்கு மாறாக உலக சுகாதார நிறுவனம், பேற்றின் விளைவுகளை மேம்படுத்துவதற்காகக் கர்ப்பிணிகளுக்கு வைட்டமின் டி கொடுப்பதைப் பரிந்துரைக்கவில்லை; குறைபாடு இருப்பதாகக் கருதப்படுபவர்களுக்கு நாளொன்றுக்கு 200 யூனிட் கொடுக்கலாம் என்கிறது. அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் கொடுக்கச் சொல்லும் எண்டோகிரைன் சொசைட்டியும் ரத்தத்தைப் பார்த்து எண்ணைத் துரத்தச் சொல்லவில்லை. பரிசோதனையே வேண்டாம், எல்லோருக்கும் பொதுவாகக் கொடுங்கள் என்கிறது. நம் ஊரில் நடப்பதை எந்தப் பக்கமும் ஆதரிக்கவில்லை.

‘கொடுத்தால் என்ன கெட்டுவிடும்?’ என்பது அடுத்த கேள்வி. சிறிய அளவில் அன்றாடம் கொடுத்தால் ஒன்றும் கெடாது. நாளொன்றுக்கு 4,000 யூனிட் வரை பெரியவர்களுக்குப் பாதுகாப்பான உச்ச எல்லை என்கிறது இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின். வாரம் 60,000 யூனிட் என்பது நாளுக்கு 8,500-ஐத் தாண்டும். கடுமையான குறைபாட்டுக்குக் குறிப்பிட்ட சில வாரங்கள் மட்டும் தர வேண்டிய சிகிச்சை அளவு அது. எப்போது நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லாததால் மாதக்கணக்கில் அதை விழுங்கிக்கொண்டே இருந்தால், ரத்தத்தில் கால்சியம் மிகும் ஆபத்து உண்டு. ஒரே ஊசியில் ஆறு லட்சம் யூனிட் போடும் வழக்கமும் நம் நாட்டில் இருந்தது. எண் ஒன்றே குறியானால் வேகமாக ஏற்றும் வழியைத்தான் கை நாடும்.

இன்னொரு கேடும் உண்டு. பயனுள்ள பரிசோதனைக்கு ஓர் அடிப்படை நிபந்தனை இருக்கிறது: முடிவைப் பார்த்துச் செய்யும் சிகிச்சையால் தாய்க்கோ பிள்ளைக்கோ நன்மை வர வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனை அதில் தேறியது. சென்னை மருத்துவர் வி. சேஷய்யா போன்றோரின் உழைப்பால், எப்போது சாப்பிட்டிருந்தாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் எளிய முறை தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வந்தது. அந்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் குழந்தைக்கு வரும் கடும் சிக்கல்கள் 4 விழுக்காட்டிலிருந்து 1 விழுக்காடாகக் குறைந்ததை ஆஸ்திரேலியாவில் 1,000 பெண்களிடம் நடந்த சோதனை 2005-இல் காட்டியது. முன்சூல்வலிப்பு வரும் வாய்ப்பு மிகுந்த பெண்களுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் தந்தால், முப்பத்தேழு வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டிய கடுமையான வகை 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6-ஆகக் குறைவதை 2017-இல் ஐரோப்பிய ஆய்வு காட்டியது. ஒவ்வொரு வருகையிலும் ரத்த அழுத்தம் பார்ப்பது, ரத்தசோகையைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது, கால்சியம் தருவது எல்லாம் பலன் தெரிந்த வேலைகள். வைட்டமின் டி எண்ணைப் பற்றிய பேச்சு இவற்றுக்குரிய நேரத்தையும் கவனத்தையும் பறிக்கிறது.

எல்லாவற்றிலும் மோசம், பழி தாயின் தலையில் விழுவது. ‘வெயிலில் நிற்கச் சொன்னேனே, கேட்டாயா?’ என்று குறைமாதத்தில் பிள்ளை பெற்றவளைக் கேட்க எந்தச் சான்றும் இடம் தரவில்லை. நம் ஊரில் சொல்லப்படும் வெயில் அறிவுரையே பாதி பிழை. காலை ஏழு மணி இளவெயிலில் புற ஊதா-பி கதிர் மிகச் சொற்பம். தோல் இந்த வைட்டமினை நன்றாகத் தயாரிப்பது முற்பகல் பதினொன்று முதல் பிற்பகல் இரண்டு வரை என்று திருப்பதியில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. நிறைமாதக் கர்ப்பிணியைச் சித்திரை நண்பகலில் மொட்டை மாடியில் நிறுத்துவதைவிட ஒரு சிறு மாத்திரை கொடுப்பது எளிது, பாதுகாப்பும்கூட.

வைட்டமின் டி-க்கு உண்மையான வேலை இல்லையா என்றால், இருக்கிறது. எலும்பில் இருக்கிறது, பிறந்த குழந்தையின் கால்சியத்தில் இருக்கிறது. 1920-களில் ஸ்ரீநகரில் பணியாற்றிய மருத்துவர் கேத்லீன் வாகன், பர்தாவுக்குள் அடைபட்ட பெண்களின் எலும்பு மெலிந்து, இடுப்பெலும்பு குறுகி, பிள்ளை வெளியே வர வழியின்றி மாண்டுபோவதைக் கண்டு 1928-இல் நூலாகவே எழுதினார். அந்த அளவு கொடுமை இன்று அரிது. ஆனால் குறைபாடு மிக்க தாயின் குழந்தை, போதிய வைட்டமின் இருப்பு இல்லாமல் பிறக்கிறது. தொப்புள்கொடி அறுந்ததும் தாயின் வழியாக வந்த கால்சியம் நின்றுபோகிறது. தாய்ப்பால் எல்லாவற்றிலும் சிறந்த உணவு. ஆனாலும் அதில் வைட்டமின் டி மிகக் குறைவு. எனவே குறைபாடு பல்லைக் காட்டுவது பிரசவத்துக்குப் பிறகுதான். கால்சியம் இறங்கி வலிப்பு வரும், எலும்பு வளையும். லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையில் 2000 முதல் 2006 வரை, கால்சியம் இறங்கி இதயம் வீங்கித் தளர்ந்த நிலையில் 16 சிசுக்கள் சேர்க்கப்பட்டார்கள். எல்லோரும் தெற்காசிய, ஆப்பிரிக்க வம்சாவளியினர். மூவர் இறந்தார்கள். மிகவும் மலிவான ஒரு சொட்டு மருந்தால் தடுத்திருக்கக்கூடிய சாவுகள் அவை.

இங்கேதான் நம் முன்னுரிமை தலைகீழாகக் கிடக்கிறது. கர்ப்பிணிக்கு விலைகூடிய பரிசோதனை செய்கிறோம். குழந்தை பிறந்ததும் அந்தக் கவலை மறைந்துவிடுகிறது. பிறந்த சில நாட்களிலிருந்து ஓராண்டு வரை ஒவ்வொரு குழந்தைக்கும் நாளொன்றுக்கு 400 யூனிட் தர வேண்டும் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. இதற்கு ரத்தப் பரிசோதனை தேவையில்லை, சொட்டு மருந்தும் அதை மறக்காத ஒரு கையும் போதும். இங்கும் மிகைப்படுத்த வேண்டாம். டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையில் எடை குறைந்து பிறந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஆறு மாதம் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்தபோது இறப்போ மருத்துவமனைச் சேர்க்கையோ குறையவில்லை. வளர்ச்சி மட்டும் சற்றுக் கூடியது. எலும்புக்கும் வளர்ச்சிக்கும் வலிப்பைத் தடுப்பதற்கும் உதவும் மருந்தை அந்தக் காரணங்களுக்காகவே கொடுப்போம்.

தாய்க்கும் அன்றாடச் சிறிய அளவு தேவை என்பதை ஏற்கிறேன். இங்கிலாந்தில் கர்ப்பிணிகளுக்கு நாளொன்றுக்கு 1,000 யூனிட் கொடுத்த மேவிடாஸ் ஆய்வில், பிறந்தபோது குழந்தைகளின் எலும்பில் பொதுவான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் நான்கு வயதில் அவர்களின் எலும்பு அடர்த்தி கூடியிருந்தது. இந்தியாவில் நாளொன்றுக்கு 600 யூனிட் தேவை என்பது ஐ.சி.எம்.ஆர். கணக்கு. இதில் பெரும்பகுதியை அரசு ஏற்கெனவே இலவசமாகத் தருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மத்திய அரசின் 2014 வழிகாட்டுதல்படி, பதினான்காவது வாரம் முதல் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை நாளுக்கு இரண்டு கால்சியம் மாத்திரைகள். ஒவ்வொன்றிலும் 500 மில்லிகிராம் கால்சியமும் 250 யூனிட் வைட்டமின் டி-யும் இருக்கும். துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியர் கையில் கொடுக்கும் அந்த மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு நகரத்துக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொள்வதில் பொருளே இல்லை. இரும்புச்சத்து மாத்திரையோடு அதைச் சேர்த்து விழுங்கக் கூடாது; வேறு வேளையில், சாப்பாட்டுக்குப் பின் எடுக்க வேண்டும். இந்தச் சிறு விவரத்தைப் பொறுமையாகச் சொல்லும் செவிலியர் செய்யும் நன்மையை எந்த ஆய்வகத் தாளும் செய்யாது.

ஆக, கேட்பது இவ்வளவுதான். அறிகுறி இல்லாத கர்ப்பிணிக்கு வழக்கமாக வைட்டமின் டி பரிசோதனை எழுதுவதை நிறுத்துங்கள். எலும்பு வலி, கால்சியம் குறைவு, வலிப்பு நோய்க்கான சில மருந்துகள், சத்தை உறிஞ்சவிடாத குடல் நோய், சிறுநீரகக் கோளாறு, முந்தைய குழந்தைக்கு எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் போன்ற காரணம் இருந்தால் மட்டும் பாருங்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கால்சியமும் வைட்டமின் டி-யும் கலந்த மாத்திரை தடையின்றிக் கிடைக்கட்டும். அவர்கள் அதை உண்மையிலேயே சாப்பிடுகிறார்களா என்று கேளுங்கள். பிரசவம் முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொரு தாயின் டிஸ்சார்ஜ் சீட்டிலும் குழந்தைக்கான 400 யூனிட் சொட்டு மருந்து எழுதப்பட்டிருக்கட்டும். சொட்டு மருந்துகள் வெவ்வேறு அடர்த்தியில் வருவதால், வாங்கிய புட்டியில் எத்தனை மில்லி அல்லது எத்தனை சொட்டு என்பதைத் தாய்க்கு அளந்து காட்டுங்கள்.

இந்த வாதத்தை வைட்டமினுக்கு எதிரானதாகக் கொள்ள வேண்டாம். ஒரு சத்தின் மேல் தாங்க முடியாத வாக்குறுதிகளை ஏற்றினால், அவை பொய்த்துப்போகும் நாளில் அதன் உண்மைப் பலனையும் மக்கள் நம்ப மாட்டார்கள். கர்ப்பிணிக்கு மருத்துவம் தர வேண்டியது சான்றுள்ள கவனிப்பு. ரத்த அழுத்தமும் ரத்தசோகையும் சர்க்கரையும் கவனிக்கப்பட்டு, மாத்திரை ஒழுங்காகக் கிடைத்து, குழந்தைக்குச் சொட்டு மருந்தும் உறுதியானால், ஆய்வகத் தாளில் உள்ள அந்த எண்ணைப் பார்த்து எந்தத் தாயும் பயப்படத் தேவையில்லை.